மெக்டவல்: இருமுறை கட்சி மாறிய கரிமலை
வாக்குப்பெட்டியின் வழித்தடங்கள் – 11

சென்ற இதழில் அமெரிக்காவின் மேற்கு வர்ஜீனியாவில் உள்ள மேட்வான் ஊரின் தண்டவாளத்தோரம் கதையை நிறுத்தியிருந்தோம். 1920 மே 19 அன்று, சங்கத்தில் சேர்ந்த சுரங்கத் தொழிலாளர்களின் குடும்பங்களைக் கம்பெனி வீடுகளிலிருந்து தெருவுக்குத் தள்ள வந்த பால்ட்வின்–ஃபெல்ட்ஸ் என்ற தனியார் துப்பறியும் நிறுவனத்தின் அடியாட்களுக்கும் ஊர்க்காரர்களுக்கும் நடந்த துப்பாக்கிச் சண்டையில் 10 பேர் செத்தார்கள். தொழிலாளர் பக்கம் நின்ற ஊர்க் காவல் தலைவர் சிட் ஹாட்ஃபீல்ட் அந்தக் கொலை வழக்கிலிருந்து மிங்கோ கவுன்டியின் ஜூரியால் விடுவிக்கப்பட்டார்.

ஆனால் பக்கத்துக் கவுன்டியான மெக்டவலில் அவர்மேல் இன்னொரு வழக்கைப் போட்டார்கள். மோஹாக் என்ற சுரங்கக் குடியிருப்பில் நடந்த வெடிவைப்பு, துப்பாக்கிச்சூடு பற்றியது அது. 1921 ஆகஸ்ட் 1 அன்று ஹாட்ஃபீல்டும் நண்பர் எட் சேம்பர்ஸும் மனைவிமாரோடு வெல்ச் நகர நீதிமன்றப் படிகளில் ஏறினார்கள். கையில் ஆயுதம் இல்லை. பாதுகாப்புத் தருவதாகச் சொன்ன ஷெரிஃப் அன்று ஊரில் இல்லை. படியின் மேலே காத்திருந்த பால்ட்வின்–ஃபெல்ட்ஸ் ஆட்கள் சுட்டார்கள். இருவரும் அங்கேயே விழுந்தார்கள். விழுந்து கிடந்த சேம்பர்ஸின் தலையில் கடைசிக் குண்டைச் செலுத்தியவன் சார்லஸ் லைவ்லி. மேட்வானில் சங்க அலுவலகத்துக்குக் கீழேயே உணவகம் நடத்தி, தொழிலாளர்களோடு உண்டு உறவாடி வேவு பார்த்தவன். சேம்பர்ஸின் மனைவி கையிலிருந்த குடையால் அவனை அடித்தார். பட்டப்பகலில், நீதிமன்ற வாசலில் நடந்த இந்தக் கொலைக்கு ஒருவரும் தண்டனை பெறவில்லை.

மிங்கோவில் விடுதலை, மெக்டவலில் மரணம். இரண்டும் மேற்கு வர்ஜீனியா மாநிலத்தின் தென்கோடியில் அடுத்தடுத்து இருக்கும் கவுன்டிகள். ஒரே மலை, ஒரே கரி, ஒரே சட்டப் புத்தகம். இந்த வித்தியாசத்தைப் புரிந்துகொள்ள அங்கே உள்ளூர் ஆட்சி நடக்கும் முறையைத் தெரிந்துகொள்ள வேண்டும். நம் ஊரில் கலெக்டரும் எஸ்.பி.யும் அரசு அனுப்பிவைக்கும் அதிகாரிகள். அங்கே ஷெரிஃப், அரசு வழக்கறிஞர், நீதிபதி, நிலத்துக்கு வரி மதிப்பிடும் அதிகாரி, பள்ளி வாரியம் எல்லாமே கவுன்டி மக்கள் ஓட்டுப் போட்டுத் தேர்ந்தெடுக்கும் பதவிகள். ஷெரிஃப் யார் என்பது துப்பாக்கி யார் பக்கம் என்பதைத் தீர்மானிக்கும். வரி மதிப்பீட்டாளர் யார் என்பது, மலையையே சொந்தமாக வைத்திருக்கும் வெளியூர் நிலக் கம்பெனி பள்ளிக்கூடத்துக்கு எவ்வளவு கொடுக்கும் என்பதைத் தீர்மானிக்கும். அதனால்தான் கரிக் கம்பெனிகளுக்கு வாஷிங்டனில் யார் ஜனாதிபதி என்பதைவிட வெல்ச்சில் யார் ஷெரிஃப் என்பது பெரிய கவலையாக இருந்தது.

இனி மெக்டவலின் கதைக்கு வருவோம்.

1880இல் இந்தக் கவுன்டியின் மக்கள்தொகை 3,074. செங்குத்தான மலைகள், இடுக்கில் ஓடும் டக் ஃபோர்க், எல்க்ஹார்ன் ஓடைகள், சரிவில் சோளம் விதைத்துப் பிழைத்த குடும்பங்கள், அவ்வளவுதான். நார்ஃபோக் அண்ட் வெஸ்டர்ன் ரயில் கம்பெனி மலையைக் குடைந்து உள்ளே வந்ததும் எல்லாம் மாறியது. இங்கே கிடைத்த போகஹோன்டாஸ் கரி புகை குறைவாக எரியும் முதல் தரம். கப்பலுக்கும் உருக்காலைக்கும் அதைவிட நல்ல கரி இல்லை. 1900இல் மக்கள்தொகை 18,747. 1920இல் 68,571. இதற்கிடையே 1892இல் தலைநகரம் பெரிவில்லிலிருந்து ரயில் வரும் வெல்ச்சுக்கு மாறியது. கலவரம் வரும் என்று பயந்து, கவுன்டியின் பத்திரங்களை இராத்திரியோடு இராத்திரியாக வண்டியில் ஏற்றிக் கொண்டுபோனார்கள். கரி எங்கே போகிறதோ, அதிகாரம் பின்னாலேயே போனது.

வந்தவர்கள் யார்? இத்தாலியிலிருந்தும் ஹங்கேரியிலிருந்தும் போலந்திலிருந்தும் கப்பலேறி வந்தவர்கள் ஒரு பங்கு. மலைச்சரிவு விவசாயத்தை விட்டு இறங்கிய உள்ளூர் வெள்ளையர் ஒரு பங்கு. வர்ஜீனியா, வட கரோலினா, அலபாமா மாநிலங்களிலிருந்து வந்த கறுப்பினத்தவர் பெரும் பங்கு. இந்த மூன்றாவது கூட்டத்தைப் பற்றித்தான் நிறையச் சொல்ல வேண்டும். மெக்டவலின் முதல் நாற்பதாண்டு அரசியல் அவர்கள் கையில்தான் இருந்தது.

அடிமை முறை ஒழிந்த பிறகு தெற்கு மாநிலங்கள் என்ன செய்தன என்பதை இத்தொடரின் முந்தைய அத்தியாயங்களில் பார்த்தோம். தலைவரி கட்டினால்தான் ஓட்டு, எழுத்தறிவுத் தேர்வில் தேறினால்தான் ஓட்டு என்று சட்டம் போட்டுக் கறுப்பின ஆண்களின் வாக்குரிமையைப் பிடுங்கின. மேற்கு வர்ஜீனியா அதைச் செய்யவில்லை. உள்நாட்டுப் போரின் நடுவில், 1863இல், வர்ஜீனியாவிலிருந்து பிரிந்து ஐக்கிய அரசின் பக்கம் வந்த மாநிலம் அது. அங்கும் பள்ளிக்கூடங்கள் இனவாரியாகப் பிரிந்தே இருந்தன. ஆனால் தலைவரியும் எழுத்தறிவுத் தேர்வும் வாக்குச்சாவடி வாசலில் இல்லை. அலபாமாவில் ஓட்டுச்சாவடிப் பக்கம் தலைகாட்ட முடியாத ஒருவர், ரயிலேறி மெக்டவலுக்கு வந்து, வசிப்புக் காலம் முடிந்ததும் வரிசையில் நின்று ஓட்டுப் போடலாம். கரித்தூசியும் சுரங்கச் சாவும் காத்திருக்கும் இடம் என்று தெரிந்தே வந்தார்கள். கூலிக்காக மட்டும் வந்தார்கள் என்று எழுதுவது அவர்களைக் குறைத்து எழுதுவதாகும்.

அவர்கள் ஓட்டுப் போட்டது லிங்கனின் கட்சியான குடியரசுக் கட்சிக்கு. சுரங்க முதலாளிகளும் அதே கட்சி. இப்படி முதலாளியும் கறுப்பினத் தொழிலாளியும் ஒரே சின்னத்தில் ஓட்டுப் போட்ட விசித்திரமான கூட்டணி 1890களிலிருந்து 1920கள் முடியும்வரை மெக்டவலை ஆண்டது. கீஸ்டோன் ஊரிலிருந்து 1904 முதல் வெளிவந்த ‘மெக்டவல் டைம்ஸ்’ கறுப்பினத்தவர் நடத்திய பத்திரிகை. அதன் ஆசிரியர் எம். டி. விட்டிகோ தம் கவுன்டியை ‘மெக்டவல் சுதந்திர நாடு’ என்றே எழுதிவந்தார். தெற்கின் நடுவே தம் மக்கள் ஓட்டுப் போடும், பதவி வகிக்கும் ஓர் இடம் என்ற பெருமை அந்தப் பெயரில் இருந்தது.

அந்தப் பெருமைக்குக் காரணமும் இருந்தது. கீஸ்டோன் வழக்கறிஞர் ஹாரி கேப்ஹார்ட் மாநிலச் சட்டமன்றத்துக்குத் தேர்ந்தெடுக்கப்பட்டு, 1921இல் கும்பல் கொலைக்கு எதிரான சட்டத்தைக் கொண்டுவந்தார். அந்தச் சட்டம் அவர் பெயராலேயே வழங்குகிறது. அமெரிக்க நாடாளுமன்றம் அப்படி ஒரு சட்டத்தை நிறைவேற்ற 2022 வரை ஆனது என்பதைப் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். 1928 ஜனவரியில், இறந்துபோன கணவரின் சட்டமன்ற இடத்துக்கு மின்னி பக்கிங்ஹாம் ஹார்ப்பர் நியமிக்கப்பட்டார். அமெரிக்காவில் எந்தச் சட்டமன்றத்திலும் உறுப்பினரான முதல் கறுப்பினப் பெண் அவர்தான், அவரும் கீஸ்டோன்காரர். அதே ஆண்டு கிம்பால் என்ற ஊரில், முதல் உலகப் போரில் போராடிய கறுப்பினப் படைவீரர்களுக்கு நினைவு மண்டபம் ஒன்று எழுந்தது. நாட்டிலேயே முதன்முதலாக அவர்களுக்கென்று கட்டப்பட்ட மண்டபம். கவுன்டியின் பணத்தில் கட்டியது. ஓட்டு இருந்ததால் கேட்க முடிந்தது; கேட்டதால் கிடைத்தது.

ஆனால் இந்தக் கூட்டணிக்கு ஓர் எல்லை இருந்தது. முதலாளி, கறுப்பினத்தவருக்குச் சட்டமன்ற இடமும் பள்ளிக்கூடமும் தரச் சம்மதித்தார். சங்கம் வைக்கச் சம்மதிக்கவில்லை, வெள்ளையருக்கும் சரி, கறுப்பருக்கும் சரி. குடியிருப்பது கம்பெனி வீடு. சாமான் வாங்குவது கம்பெனி கடை, அதுவும் கம்பெனி அச்சடித்த டோக்கனில். மருத்துவரும் கம்பெனி ஆள். சங்கத்தில் சேர மாட்டேன் என்று கையெழுத்துப் போட்டால்தான் வேலை. அந்தக் கையெழுத்து செல்லும் என்று, இதே மாநிலத்திலிருந்து போன ஹிட்ச்மன் கரிக் கம்பெனி வழக்கில் 1917இல் அமெரிக்க உச்ச நீதிமன்றமே சொல்லிவிட்டது. ஹாட்ஃபீல்ட் கொல்லப்பட்ட அதே மாதக் கடைசியில் ஏறக்குறைய 10,000 சுரங்கத் தொழிலாளர்கள் துப்பாக்கியோடு பிளேர் மலைக்கு அணிவகுத்தார்கள். லோகன் கவுன்டியில் அவர்களைத் தடுத்து நிறுத்தியது அந்தக் கவுன்டி ஷெரிஃபின் படை. கடைசியில் மத்திய அரசின் ராணுவம் வந்து முடித்துவைத்தது. சங்கம் உடைந்தது. அடுத்த பன்னிரண்டு ஆண்டுகள் மெக்டவலில் சங்கம் என்ற பேச்சையே எடுக்க முடியவில்லை. 1928 ஜனாதிபதித் தேர்தலிலும் கவுன்டி வழக்கம்போலக் குடியரசுக் கட்சிக்கே போனது.

முதல் மாற்றம் 1933இல் வந்தது. அது வந்த வேகத்தை நினைத்தால் இன்றும் மலைப்பாக இருக்கிறது.

அந்த ஆண்டு ஜூனில் ரூஸ்வெல்ட் கையெழுத்திட்ட தேசியத் தொழில் மீட்புச் சட்டத்தில் 7(அ) என்று ஒரு பிரிவு இருந்தது. தொழிலாளர்கள் தாங்கள் விரும்பிய சங்கத்தில் சேரலாம், முதலாளி தடுக்கக் கூடாது என்பது அதன் சாரம். ஐக்கிய சுரங்கத் தொழிலாளர் சங்கத்தின் தலைவர் ஜான் எல். லூயிஸ், சங்கத்தின் கஜானாவில் இருந்ததைத் துடைத்தெடுத்து ஆள் அனுப்பினார். ஜனாதிபதி உங்களைச் சங்கத்தில் சேரச் சொல்கிறார் என்பதே அவர்கள் ஊர் ஊராகச் சொன்ன செய்தி. ஜனாதிபதி என்று அவர்கள் சொன்னது ரூஸ்வெல்ட்டையா, லூயிஸையா என்று யாரும் விளக்கம் கேட்கவில்லை. இருபதாண்டு ரத்தம் சிந்தியும் நுழைய முடியாத மேற்கு வர்ஜீனியாவின் தென்பகுதிப் பள்ளத்தாக்குகளில் சில வாரங்களுக்குள் சங்கம் வேர்விட்டது. கம்பெனிக் காவலர்களின் ஆட்டம் முடிந்தது. டோக்கனுக்குப் பதில் பணம், எடை போடும் இடத்தில் தொழிலாளர் சார்பில் ஒரு ஆள், எட்டு மணி நேர வேலை என்று ஒவ்வொன்றாக வந்தன.

மெக்டவல் ஜனநாயகக் கட்சிக்குத் தாவியது இதனால்தான். கறுப்பினத் தொழிலாளி லிங்கனின் கட்சியை விட்டதும் இதனால்தான். தாத்தாவுக்கு விடுதலை தந்த கட்சியை விடுவது எளிதான காரியமில்லை. ஆனால் சங்கத்தின் விதிமுறையில் இனப் பாகுபாட்டுக்கு இடமில்லை. ஒரே கிளையில் கறுப்பரும் வெள்ளையரும் இத்தாலியரும் உட்கார்ந்து பேசினார்கள். நிவாரண வேலையும் ரூஸ்வெல்ட் அரசிடமிருந்து வந்தது. மெக்டவல் வீடுகளின் கூடத்தில் ரூஸ்வெல்ட் படமும் லூயிஸ் படமும் பக்கத்தில் பக்கத்தில் தொங்கின.

இங்கே ஒரு விஷயத்தை அழுத்திச் சொல்ல வேண்டும். தலைவர் கைகாட்டிய பக்கம் மந்தையாகப் போனார்கள் என்று தொழிலாளர் ஓட்டைப் பற்றி எழுதுபவர்கள் உண்டு. 1936இல் லூயிஸ் ரூஸ்வெல்ட்டை ஆதரித்தார், சங்கத்தின் பணத்தை அள்ளிக் கொடுத்தார். 1940இல் ரூஸ்வெல்ட்டோடு முறைத்துக்கொண்டு, குடியரசுக் கட்சி வேட்பாளர் வெண்டல் வில்கீக்கு ஓட்டுப் போடுங்கள் என்று வானொலியில் முழங்கினார். ரூஸ்வெல்ட் ஜெயித்தால் தொழிற்சங்கக் கூட்டமைப்பின் தலைமையை விட்டு விலகுவேன் என்றும் சொன்னார். கரிப் பள்ளத்தாக்குகள் அவர் பேச்சைக் கேட்கவில்லை. லூயிஸை உயிராக மதித்த அதே மக்கள் ரூஸ்வெல்ட்டுக்கே ஓட்டுப் போட்டார்கள். லூயிஸ் சொன்னபடி விலகினார். எதற்கு யாருக்கு நன்றி சொல்ல வேண்டும் என்பது அந்த மக்களுக்குத் தெரிந்திருந்தது.

அதன் பிறகு ஏறக்குறைய எண்பது ஆண்டு, ஜனாதிபதித் தேர்தல்களில் மெக்டவல் ஜனநாயகக் கட்சியின் கோட்டை. 1972இல் நிக்சன் அலையில் மட்டும் ஒருமுறை வழுக்கியது. கோட்டைக்குள் எல்லாம் யோக்கியம் என்று சொல்ல முடியாது. எதிர்க்கட்சியே இல்லாத இடத்தில் சண்டை உட்கட்சித் தேர்தலுக்குள் நடக்கும். மேற்கு வர்ஜீனியாவின் தென்பகுதியில் கோஷ்டிகள் தங்கள் ஆட்களின் பட்டியலை அச்சடித்துச் சாவடிக்குச் சாவடி கொடுத்தார்கள். பட்டியலில் பெயர் ஏற வேட்பாளர் பணம் தர வேண்டும். சாவடி வாசலில் சில டாலரும் கால் புட்டி விஸ்கியும் கைமாறின. பின்னாளில் பல கவுன்டி அதிகாரிகள் இதற்காகச் சிறைக்கும் போனார்கள். ஓட்டுக்குப் பணம் என்ற நோய் எங்கே ஒரு கட்சியின் பிடி கேள்வியற்றுப் போகிறதோ அங்கே வரும். மெக்டவலும் விலக்கல்ல.

அந்தப் பின்னணியில்தான் 1960இன் உட்கட்சித் தேர்தலைப் பார்க்க வேண்டும். ஜனநாயகக் கட்சியின் ஜனாதிபதி வேட்பாளர் ஆவதற்கு ஜான் கென்னடியும் ஹியூபர்ட் ஹம்ஃப்ரியும் மேற்கு வர்ஜீனியாவில் மோதினார்கள். கென்னடி கத்தோலிக்கர், மாநிலமோ பெரும்பாலும் புராட்டஸ்டன்ட். கத்தோலிக்கர் ஒருவர் இங்கே ஜெயிக்க முடியாது என்பதுதான் பலரின் கணிப்பு. கென்னடி குடும்பப் பணம் தண்ணீராய் ஓடியது உண்மை. பணம் மட்டும் ஓடவில்லை. சுரங்க வாசலில் ஷிப்டு மாறும் நேரத்தில் போய் நின்று கைகுலுக்கினார். ரூஸ்வெல்ட்டின் மகனையே கூட்டிக்கொண்டு வந்தார். அப்பாவின் படம் தொங்கும் வீடுகளில் மகன் வந்து பரிந்து பேசினால் அதன் மதிப்பே வேறு. மே 10 அன்று 61க்கு 39 சதவீதம் என்று கென்னடி வென்றார். ஹம்ஃப்ரி போட்டியிலிருந்து விலகினார்.

கென்னடி இங்கே கண்டது அவரை உலுக்கியது. மெக்டவல் முன்னெப்போதையும்விட அதிகமாகக் கரி வெட்டுகிறது, ஆனாலும் அங்கேதான் இலவச உணவுப் பொட்டலம் வாங்குவோர் குவிந்திருக்கிறார்கள் என்று பொதுத் தேர்தல் மேடைகளில் சொன்னார். காரணம் இயந்திரம். 1950இல் லூயிஸே முதலாளிகளோடு போட்ட ஒப்பந்தத்தில் இயந்திரமயத்தை ஏற்றுக்கொண்டார். மிஞ்சியவர்களுக்கு நல்ல கூலியும் மருத்துவமும் ஓய்வூதியமும் கிடைத்தால் போதும் என்பது அவர் கணக்கு. பத்துப் பேர் வேலையை ஒரு வெட்டும் இயந்திரம் பிடுங்கியது. அந்தக் கணக்கில் முதலில் வெளியேற்றப்பட்டவர்கள் கறுப்பினத் தொழிலாளர்கள், கையால் கரி அள்ளும் வேலையில் அவர்கள்தான் அதிகம் இருந்தார்கள் என்பதால். லூயிஸின் வாழ்க்கையிலேயே நான் மன்னிக்கத் தயங்கும் முடிவு இது.

பதவியேற்ற மறுநாள், 1961 ஜனவரி 21, கென்னடி கையெழுத்திட்ட முதல் நிர்வாக ஆணையே ஏழைக் குடும்பங்களுக்கு உணவு வழங்குவதை விரிவாக்குவது பற்றியது. பிறகு எட்டு இடங்களில் சோதனையாக உணவுக் கூப்பன் திட்டம் தொடங்கியது. முதல் கூப்பன் 1961 மே 29 அன்று மெக்டவலில் கொடுக்கப்பட்டது. பெயின்ஸ்வில் பக்கத்து 15 பேர் கொண்ட ஒரு குடும்பம், வேலையிழந்த சுரங்கத் தொழிலாளியின் குடும்பம், 95 டாலர் மதிப்புள்ள கூப்பன்களை வாங்கியது. வெல்ச்சில் ஹெண்டர்சன் கடையில் அவர்கள் அதைக் கொடுத்து வாங்கிய முதல் பொருள் ஒரு டப்பா பீன்ஸும் பன்றி இறைச்சியும். அன்று அந்தக் கூப்பன் முழு இலவசமும் அல்ல. குடும்பம் தன் பங்குக்குக் கொஞ்சம் பணம் கட்ட வேண்டும், அரசு கூடுதலாகச் சேர்த்துக் கொடுக்கும். இன்று அமெரிக்கா முழுவதும் கோடிக்கணக்கானோர் பெறும் உணவு உதவியின் தொடக்கம் அந்த டப்பா.

ஆனால் கூப்பன் பசியை ஆற்றும். ஆளை ஊரில் நிறுத்தாது. மக்கள்தொகை 1950இல் உச்சமாக 98,887. 1970இல் 50,666. அமெரிக்க உருக்கு நிறுவனம் கேரி ஊரில் வைத்திருந்த பெரும் சுரங்கங்கள் 1980களில் மூடின. 1990இல் 35,233, 2010இல் 22,113, 2020இல் 19,111. எழுபதாண்டில் ஐந்தில் நான்கு பேர் போய்விட்டார்கள். கிளீவ்லாந்துக்கும் டெட்ராய்ட்டுக்கும் வட கரோலினாவுக்கும் போனவர்களில் கறுப்பினக் குடும்பங்கள் ஏராளம். சங்கம் தந்த அரசியல் பாடத்தோடு வளர்ந்த பிள்ளைகள் அந்தப் பாடத்தை வேறு ஊர்களுக்கு எடுத்துப் போனார்கள்.

இருந்தவர்கள் பழைய கட்சியை விட்டுவிடவில்லை. 1984இல் ரேகன் 49 மாநிலங்களைச் சுருட்டியபோதும் மெக்டவல் மோண்டேலுக்கே ஓட்டுப் போட்டது. 2000இல் மேற்கு வர்ஜீனியா புஷ் பக்கம் சாய்ந்தது. அந்த மாநிலத்தின் ஐந்து தேர்வாளர் குழு வாக்குகள் ஆல் கோருக்குக் கிடைத்திருந்தால் ஃபுளோரிடா சச்சரவே தேவைப்பட்டிருக்காது, அவர்தான் ஜனாதிபதி. அப்போதும் மெக்டவல் கோருக்கே போட்டது. 2004இல் கெர்ரிக்கு 60 சதவீதத்துக்கு மேல். 2008இல் ஒபாமாவுக்கு 53 சதவீதம். வெள்ளையர் பெரும்பான்மையான, அமெரிக்காவின் மிக ஏழைக் கவுன்டிகளில் ஒன்று, ஒரு கறுப்பின வேட்பாளரைத் தேர்ந்தெடுத்தது. நிறவெறி ஒன்றையே வைத்து இந்த ஊரின் அரசியலை விளக்கிவிடத் துடிப்பவர்கள் இந்த எண்ணைத் தாண்டிப் போக முடியாது. அதேசமயம் கெர்ரிக்குக் கிடைத்ததைவிட அது குறைவு என்பதையும் மறைக்க வேண்டியதில்லை.

அடுத்த நான்கு ஆண்டுகளில் மலை சரிந்தது. 2012 மே மாதம் ஜனநாயகக் கட்சியின் உட்கட்சித் தேர்தலில், டெக்சாஸ் சிறையில் தண்டனை அனுபவித்துக்கொண்டிருந்த கீத் ஜட் என்பவருக்கு, பதவியிலிருந்த ஜனாதிபதிக்கு எதிராக, மேற்கு வர்ஜீனியாவில் 41 சதவீத ஓட்டு விழுந்தது. எச்சரிக்கை மணி அதைவிடச் சத்தமாக அடிக்க முடியாது. நவம்பரில் ராம்னி மாநிலத்தின் 55 கவுன்டிகளையும் வென்றார். மெக்டவலில் அவருக்கு 64 சதவீதம். 2016இல் டிரம்புக்கு ஏறக்குறைய 75. 2020இல் 79.

காரணம் கேட்டால் உள்ளூரில் முதலில் வரும் பதில் கரிமேல் ஒபாமா தொடுத்த போர் என்பது. அனல் மின் நிலையங்களின் புகைக்கு மத்திய அரசு கொண்டுவந்த கட்டுப்பாடுகளைச் சொல்கிறார்கள். கட்டுப்பாடுகள் வந்தது நிஜம். ஆனால் மின்நிலையங்கள் கரியைக் கைவிட்டதற்குப் பெரிய காரணம் பாறை இடுக்கிலிருந்து எடுத்த மலிவான இயற்கை எரிவாயு. அதுவும் மெக்டவலின் உயர்தரக் கரியில் பெரும்பகுதி உருக்காலைக்குப் போவது, இந்திய உருக்காலைகள் வரை கப்பலேறும் ரகம். மின்நிலைய விதிகள் அதைத் தொடுவது குறைவு. வேலை போனது ஒபாமா காலத்தில் அல்ல, ஐசன்ஹோவர் காலத்திலிருந்து. இதெல்லாம் சரி. ஆனால் சரியான கணக்கைச் சொல்லிவிட்டால் ஓட்டு விழுந்துவிடாது. 2016 மார்ச்சில் ஹிலாரி கிளின்டன், சுரங்கத் தொழிலாளர்களுக்கு மாற்று வழி செய்ய வேண்டும் என்று பேச வந்த இடத்தில், கரிச் சுரங்கங்களுக்கும் தொழிலாளர்களுக்கும் பிழைப்பு இல்லாமல் செய்யப்போகிறோம் என்ற பொருள்படப் பேசிவிட்டார். அதே ஆண்டு ஜனவரியில்தான் கிம்பாலில் இருந்த வால்மார்ட் கடை மூடி, கவுன்டியில் அதிகம் பேருக்கு வேலை தந்த இடங்களில் ஒன்று போனது. இந்த ஊர் ஆண்களின் சராசரி ஆயுள் 64 என்று ஆய்வுகள் சொல்லிக்கொண்டிருந்தன. அந்த வீடுகளில் ஹிலாரியின் பேச்சின் பின்பாதி யார் காதிலும் விழவில்லை.

என் கணிப்பில் அடிப்படைக் காரணம் சங்கத்தின் மரணம். சங்கக் கிளைக் கூடம்தான் ஒருகாலத்தில் செய்தி வரும் இடம், எந்தச் சட்டம் யாருக்கு லாபம் என்று விளக்கும் இடம், வேட்பாளர் வந்து பதில் சொல்ல வேண்டிய இடம். சுரங்கம் மூடியபோது கூடமும் மூடியது. ஓய்வூதியக்காரர்கள் இருந்தவரை பழைய பாடம் இருந்தது. அவர்கள் ஒவ்வொருவராகப் போனபின் பள்ளத்தாக்கில் பேசிய குரல்கள் தொலைக்காட்சியுடையதும் கரி முதலாளிகளின் விளம்பரங்களுடையதும்தான். ஜனநாயகக் கட்சி வெற்றிடத்தை விட்டது; வெற்றிடம் காலியாக இருக்காது.

இன்னொரு உண்மையைப் பெரும்பாலான கட்டுரைகள் எழுதாமல் விடுகின்றன. 2016இல் மெக்டவலில் விழுந்த மொத்த ஓட்டு சுமார் 6,200. வாக்களிக்கும் வயதுள்ளவர்கள் அதைப்போல் இருமடங்குக்கும் மேல். டிரம்புக்கு விழுந்த 75 சதவீதம் என்பது வயது வந்தோரில் மூன்றில் ஒரு பங்குக்கும் குறைவு. அந்த ஆண்டு மே மாத உட்கட்சித் தேர்தலில் பெர்னி சாண்டர்ஸ் மாநிலத்தின் 55 கவுன்டிகளிலும், மெக்டவல் உட்பட, ஹிலாரியை வென்றார். 2017 மார்ச்சில் அவர் வெல்ச்சுக்கே வந்து மவுண்ட் வியூ உயர்நிலைப் பள்ளியில் கூட்டம் போட்டபோது, டிரம்புக்கு ஓட்டுப் போட்டவர்களும் உட்கார்ந்து மருத்துவக் காப்பீட்டைப் பற்றிக் கேள்வி கேட்டார்கள். 2018 பிப்ரவரியில் மேற்கு வர்ஜீனியாவின் பள்ளி ஆசிரியர்கள் 55 கவுன்டிகளிலும் வேலைநிறுத்தம் செய்து, குடியரசுக் கட்சி ஆண்ட சட்டமன்றத்திடமிருந்து 5 சதவீத ஊதிய உயர்வைப் பெற்றார்கள். பிளேர் மலைக்குப் போன தொழிலாளர்கள் கழுத்தில் கட்டிய சிவப்புத் துணியை அவர்களும் கட்டியிருந்தார்கள். இந்த மக்களை ஒரு கட்சியின் சொத்து என்று எழுதிவைப்பது 1928க்குப் பிறகு தவறாகப் போனது, 2008க்குப் பிறகும் தவறாகப் போனது.

ஆகவே இந்தத் தொடரைப் படிப்பவர்களிடம் எனக்கு ஒரு வேண்டுகோள். ஒரு கவுன்டியின் சதவீதத்தைப் பார்க்கும்போது, அதன் பக்கத்தில் வாக்களிக்க வராதவர்களின் எண்ணிக்கையையும் வைத்துப் பாருங்கள். 2020இல் மெக்டவலில் டிரம்புக்கு விழுந்தவை 5,148, பைடனுக்கு 1,333. சாவடிக்கு வராத வயது வந்தோர் இந்த இருவருக்கும் விழுந்ததைக் கூட்டினாலும் அதைவிட அதிகம்.

அடுத்த இதழில் மலையைத் தாண்டிக் கென்டக்கியின் ஹார்லன் கவுன்டிக்குப் போவோம்.

(தொடரும்)